குகையை விட்டு வந்தவனுக்கு முதலில் கண் தெரியவில்லை

பழங்காலக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் குகைக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சங்கிலியில் கட்டப்பட்ட கைதிகள், சுவரில் நகரும் நிழல்கள், அந்த நிழல்களையே உலகம் என்று நம்பும் மனிதர்கள், கடைசியில் வெளியே வந்து சூரியனைக் காணும் ஒருவன். மேடைப் பேச்சுகளில் இதை ‘அறியாமை இருட்டு, அறிவு வெளிச்சம்’ என்று முடித்துவிடுவார்கள். அப்படிச் சுருக்கும்போது கதையின் நடுப்பகுதி காணாமல் போய்விடுகிறது. எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம். மனிதன் எப்படிப் பார்க்கிறான், பழகிய இடத்தை விட்டு நகர ஏன் மறுக்கிறான், கற்பது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் பிளேட்டோ ஒன்றாக முடிச்சுப் போடுவது அங்கேதான்.

முதலில் அவர் சொன்னபடியே கதையைப் பார்ப்போம். கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரம் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது அவருடைய மாணவர் பிளேட்டோவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குச் சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின் அவர் எழுதிய உரையாடல் நூல் ‘குடியரசு’. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஒரு வீட்டில் நடக்கும் நீண்ட பேச்சு அது. அதன் 7-ஆம் புத்தகத்தின் தொடக்கத்தில், பிளேட்டோவின் சகோதரர் கிளாக்கனிடம் சாக்ரடீஸ் இந்தக் குகையைக் கற்பனை செய்து பார்க்கச் சொல்கிறார்.

கைதிகள் சிறு வயதிலிருந்தே காலிலும் கழுத்திலும் கட்டப்பட்டிருக்கிறார்கள். தலையைத் திருப்ப முடியாது. அவர்களுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு நெருப்பு எரிகிறது. நெருப்புக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பாதை, பாதையை ஒட்டி ஒரு தாழ்ந்த சுவர். பொம்மலாட்டக்காரர்கள் தங்களுக்கு முன்னால் கட்டிக்கொள்ளும் தடுப்பைப் போல என்று பிளேட்டோவே சொல்கிறார். அந்தச் சுவருக்குப் பின்னால் நடப்பவர்கள் கல்லாலும் மரத்தாலும் செய்த மனித, விலங்கு உருவங்களைச் சுவருக்கு மேல் தெரியும்படி தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவற்றின் நிழல் எதிர்ச் சுவரில் விழுகிறது. தூக்கிச் செல்பவர்களில் யாராவது பேசினால் அந்தச் சுவரில் பட்டு எதிரொலிக்கும். நிழலே பேசுவதாகக் கைதிகள் நினைப்பார்கள். விசித்திரமான கைதிகளாக இருக்கிறார்களே என்கிறார் கிளாக்கன். ‘நம்மைப் போன்றவர்கள்தான்’ என்பது சாக்ரடீஸின் பதில்.

அப்புறம்தான் நான் சொன்ன நடுப்பகுதி வருகிறது. ஒரு கைதியை அவிழ்த்து விட்டு, எழுந்து நின்று திரும்பச் சொல்கிறார்கள். அவனுக்கு வலிக்கிறது. வெளிச்சம் கண்ணைக் கூச வைப்பதால், எந்தப் பொருள்களின் நிழலை இத்தனை நாளும் பார்த்தானோ அந்தப் பொருள்களை இப்போது அவனால் சரியாகப் பார்க்க முடியவில்லை. நீ இதுவரை கண்டது வெறும் நிழல், இதுதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பது என்று ஒருவர் சொன்னால் அவன் நம்ப மாட்டான். முன்பு பார்த்ததே தெளிவு என்பான். நெருப்பை நேராகப் பார்க்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிழல்களிடமே ஓடுவான். கரடுமுரடான செங்குத்து ஏற்றத்தில் அவனை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனால் எரிச்சல் படுவான், எதிர்ப்பான். வெயிலுக்கு வந்து சேர்ந்த பிறகோ அவனால் ஒன்றையுமே பார்க்க முடியாது.

அவன் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிடிவாதம்கூட இல்லை. அவனுடைய கண்ணுக்கு நிழல் உண்மையிலேயே தெளிவாக இருந்தது, பொருள் உண்மையிலேயே மங்கலாக இருக்கிறது. தன் அனுபவத்தை அவன் நேர்மையாகத்தான் சொல்கிறான். ஆனால் அந்த அனுபவத்தை வைத்து எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும்போது தவறுகிறான். தெளிவாகத் தெரிவது ஒன்று, உண்மையாக இருப்பது வேறொன்று. கற்கத் தொடங்குபவனுக்கு முதலில் கிடைப்பது வெளிச்சம் இல்லை, பார்வைக் குறைவு என்று பிளேட்டோ எழுதியிருக்கிறார். கல்வியைப் பற்றி இவ்வளவு துல்லியமான ஒரு கவனிப்பை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இது வெறும் உருவகம்தானே என்று தோன்றலாம். கிட்டத்தட்ட இதே நிகழ்ச்சி மனிதர்களுக்கு நிஜமாகவே நடந்திருக்கிறது, அதை மருத்துவர்களும் உளவியலாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

1688-இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினியூ தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுப் பார்த்தே பிரித்தறியப் பழகியிருக்கிறார். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து எது உருண்டை என்று சொல்ல முடியுமா? மாலினியூவின் மனைவியே பார்வை இழந்தவர். முடியாது என்பதுதான் மாலினியூ, லாக் இருவரின் ஊகமும்.

1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், கண்புரையால் மிகச் சிறிய வயதிலேயே பார்வை இழந்து, சிகிச்சையில் அதைப் பெற்ற ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். பார்த்த பொருள்களெல்லாம் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே அவனுக்குத் தோன்றியதாம். எது பூனை, எது நாய் என்பது அடிக்கடி மறந்துபோகும். திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு நாள் பூனையைப் பிடித்துத் தடவி, அதையே உற்றுப் பார்த்து, ‘சரி பூனையே, அடுத்த முறை உன்னை எனக்குத் தெரியும்’ என்றானாம்.

மாலினியூவின் கேள்விக்கு முறையான சோதனை நடந்தது நம் நாட்டில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தைகளுக்குப் புதுதில்லியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அவர்களில் 8 முதல் 17 வயது வரையுள்ள 5 பேரைச் சிகிச்சை முடிந்த 48 மணி நேரத்துக்குள் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணால் பார்த்த கட்டையை மறுபடி கண்ணால் அடையாளம் காண்பதில் 92 சதவீதம் சரி. ஆனால் கையால் தொட்ட கட்டையைக் கண்ணால் அடையாளம் காணச் சொன்னபோது 58 சதவீதம்தான். இரண்டில் ஒன்றைக் காட்டச் சொல்லும் சோதனையில் இது குருட்டாம்போக்கில் சொல்வதற்குப் பக்கத்தில்தான் வரும். அவர்களில் சிலரைச் சில நாள்கள் கழித்து மறுபடி சோதித்தபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. கண்ணும் கையும் ஒன்றுக்கொன்று பேசப் பழகியிருந்தன.

இவர்கள் குழந்தைகள். பழகிய வாழ்க்கை ஏற்கெனவே உறுதியாக அமைந்துவிட்ட ஒரு பெரியவருக்குப் பார்வை வந்தால்? ரிச்சர்ட் கிரெகரி என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், ஆய்வு இலக்கியத்தில் எஸ்.பி. என்று குறிக்கப்படும் ஒருவரைப் பற்றி ஜீன் வாலஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய ஆய்வு 1963-இல் வெளிவந்தது. 10 மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வை இழந்த எஸ்.பி.க்கு 52 வயதில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பார்வையில்லாத காலத்தில் அவர் துணிச்சலானவர், சாலையைத் தனியாகவே கடப்பார். பார்வை வந்த பிறகு போக்குவரத்தைக் கண்டு பயந்தார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கடைசல் இயந்திரத்தைக் காட்டினார்கள். கருவிகள் மேல் அவருக்கு எப்போதும் ஆசை. ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது அதை அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஆசை தீரத் தடவிப் பார்த்தார். பிறகு சற்றுப் பின்னே நின்று கண்ணைத் திறந்து, ‘இப்போது தொட்டுப் பார்த்துவிட்டேன், அதனால் பார்க்க முடிகிறது’ என்றார். மாலை வேளைகளில் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். மனச்சோர்வுக்கு ஆளாகி, 1960-இல் இறந்துபோனார்.

எஸ்.பி.யின் கதையைப் படித்தபோது ‘குடியரசு’ நூலின் ஒரு வாக்கியம் எனக்குப் புதிதாகப் புரிந்தது. சிலர் கல்வி என்றால், பார்வையில்லாத கண்ணுக்குள் பார்வையை வைப்பது போல, அறிவில்லாத மனத்துக்குள் அறிவை வைப்பது என்கிறார்கள்; அது அப்படியில்லை என்கிறார் சாக்ரடீஸ். கற்கும் திறன் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. உடம்பு முழுவதையும் திருப்பாமல் கண்ணை மட்டும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குத் திருப்ப முடியாது என்று வைத்துக்கொண்டால், கல்வியும் அப்படித்தான், முழு மனமும் திரும்ப வேண்டும் என்கிறார். எஸ்.பி.க்கு மருத்துவர்கள் உண்மையாகவே கண்ணுக்குப் பார்வையைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தும் போதவில்லை. கை, நடை, தைரியம், ஐம்பது ஆண்டுப் பழக்கம் எல்லாமே சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது.

நம் புலன்கள் நம்மை ஏமாற்றும் என்பதைப் பழைய சிந்தனையாளர்கள் எல்லா நாட்டிலும் கவனித்திருக்கிறார்கள். இந்திய மெய்யியலில் இதற்கான பெயர்பெற்ற உதாரணம் கயிற்றரவு: மங்கலான வெளிச்சத்தில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிவது. பிளேட்டோ சொல்லும் உதாரணம் வேறு. ஒரே பொருள் தண்ணீருக்குள் வளைந்தும், வெளியே எடுத்தால் நேராகவும் தெரிகிறது என்று ‘குடியரசு’ 10-ஆம் புத்தகத்தில் வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அவற்றுக்குள் ஒரு பெரிய வேறுபாடு தெரிகிறது. விளக்கைக் கொண்டுவந்தால் கயிற்றுப் பாம்பு மறைந்துவிடும், மறுபடி பாம்பாகப் பார்க்க முயன்றாலும் முடியாது. தண்ணீரில் வளைந்த குச்சியோ அப்படியில்லை. ஒளி விலகல் பற்றி நீங்கள் பாடமே நடத்தினாலும் அது வளைந்துதான் தெரியும். 1889-இல் ஃபிரான்ஸ் முல்லர்-லயர் வரைந்து காட்டிய கோடுகளும் இந்த இரண்டாவது வகைதான். சம நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்றின் முனைகளில் உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் அம்புக்குறி போட்டால் ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்து, சமம் என்று உறுதி செய்த பிறகும் கண் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாது.

முதல் வகைப் பிழை தெரிந்துகொண்டதும் போய்விடுகிறது. இரண்டாம் வகை தெரிந்த பிறகும் போவதில்லை. அப்படியானால் அதற்கு என்ன செய்வது? பிளேட்டோவின் பதில் எளிமையானது. அளந்து பார், எண்ணிப் பார், நிறுத்துப் பார். கண்ணைத் திருத்த முயல வேண்டாம், அதன் தீர்ப்பை மட்டும் ஏற்க வேண்டாம்.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பழகிய நிலையில் நமக்குக் கிடைக்கும் சௌகரிய உணர்வும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். ‘இது எனக்கு நன்றாகப் புரிகிறது’, ‘இது எனக்கு வராது’ என்ற உணர்வுகளும் ஒருவகைப் பார்வைதான். நம் அறிவின் நிலையை உள்ளுக்குள் பார்த்து நாம் சொல்லும் கணிப்பு அது. கண் ஏமாறுவது போலவே இதுவும் ஏமாறும். ஏமாறுகிறது என்று தெரிந்த பிறகும் அப்படியேதான் தோன்றும்.

குகைக்குள் சௌகரியம் எதனால் வருகிறது என்பதையும் பிளேட்டோ விளக்குகிறார். சங்கிலி ஒரு காரணம். ஆனால் அவிழ்த்துவிட்ட பிறகும் கைதி நிழல்களிடம் ஓடுகிறானே, அங்கே சங்கிலி இல்லையே. அதற்குக் காரணம் குகைக்குள் இருக்கும் பரிசுகள். கைதிகள் ஒருவருக்கொருவர் மரியாதையும் பட்டங்களும் கொடுத்துக்கொள்கிறார்கள். கடந்துபோகும் நிழல்களைக் கூர்மையாகப் பார்த்தவன், எது முதலில் வரும், எது பின்னால் வரும், எவை சேர்ந்து வரும் என்று நினைவில் வைத்திருப்பவன், அதை வைத்து அடுத்து வருவதைச் சரியாக ஊகிப்பவன்தான் அங்கே பெரிய ஆள். அது போலித் திறமையும் இல்லை. நிழல்களின் வரிசையில் நிஜமாகவே ஓர் ஒழுங்கு இருக்கிறது, அவன் அதை நிஜமாகவே கற்றிருக்கிறான். பழகிய இடத்தை விட்டு வருவது என்றால் சும்மா கிடந்த சோம்பலை விட்டு வருவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் உழைத்துச் சம்பாதித்த திறமையையும் அதனால் கிடைத்த மதிப்பையும் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவனாக முதல் வரிசையில் போய் நிற்பதுதான் அது. இருபது வருடம் கணக்குப் பேரேட்டைக் கையால் எழுதிப் பெயர் வாங்கியவர் கணினி முன்னால் உட்காரத் தயங்கினால், அவரைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமில்லை.

வெளியே வந்தவன் எப்படிப் பழகுகிறான் என்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிழல்களைத்தான் அவனால் எளிதாகப் பார்க்க முடியும். பிறகு தண்ணீரில் தெரியும் மனிதர்கள், பொருள்களின் பிம்பங்கள். அதன் பின் அந்தப் பொருள்களையே. அப்புறம் வானம், அதுவும் இரவில், நிலவும் நட்சத்திரங்களும். சூரியன் கடைசியில். நிழலைப் பார்ப்பதில் அவனுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது, எனவே கற்பது அங்கிருந்தே தொடங்குகிறது. வெளியே வந்ததும் தலையைப் பிடித்துச் சூரியனை நோக்கி நிமிர்த்தும் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது பிளேட்டோவின் இன்னொரு உரையாடலுக்கு வருவோம். ‘மெனோ’ என்ற அந்த நூலில், தெசலியிலிருந்து வந்த மெனோ என்ற இளைஞன் சாக்ரடீஸிடம் ஒரு குற்றச்சாட்டு வைக்கிறான். நீங்கள் கடலில் இருக்கும் அந்த மின்சாரத் திருக்கை மீனைப் போல இருக்கிறீர்கள், தொட்டவர்கள் மரத்துப்போகிறார்கள். நல்லொழுக்கம் பற்றி எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ முறை நன்றாகப் பேசியிருக்கிறேன், இப்போது அது என்ன என்று சொல்லக்கூட வாய் வரவில்லை என்கிறான். சற்று நேரம் கழித்து சாக்ரடீஸ் மெனோவின் பணியாள்களில் ஒரு பையனைக் கூப்பிடுகிறார்.

மண்ணில் ஒரு சதுரம். பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. இதைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? இரண்டு மடங்கு, 4 அடி என்கிறான் பையன், தயங்காமல். வரைந்து பார்த்தால் பரப்பு 16 ஆகிவிடுகிறது. சரி, 2-க்கும் 4-க்கும் நடுவில், 3 அடி. அது 9 ஆகிறது. வேண்டியது 8. பையன் திகைத்துப்போய், எனக்குத் தெரியவில்லை என்கிறான். அங்கே சாக்ரடீஸ் நிறுத்தி மெனோவிடம் கேட்கிறார்: நாம் இவனை மரத்துப்போகச் செய்ததால் இவனுக்கு ஏதாவது கெடுதல் வந்ததா? முன்பு தெரியாமலே தெரிந்ததாக நினைத்துத் தைரியமாகப் பதில் சொன்னான். இப்போது தெரியவில்லை என்று தெரிகிறது, தேடும் ஆசையும் வந்திருக்கிறது. முன்னைவிட நல்ல நிலையில்தானே இருக்கிறான்? அதன் பிறகு, மூலைவிட்டத்தின் மேல் சதுரம் கட்டினால் விடை வந்துவிடும் என்ற இடத்துக்குக் கேள்விகளாலேயே அவனைக் கொண்டுவருகிறார்.

அந்தப் பையன் ஓர் அடிமை. அவன் பெயரைக்கூட பிளேட்டோ எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் கற்க முடியும் என்பதற்குச் சான்றாக நின்றுவிட்டு அவன் உரையாடலிலிருந்து மறைந்துபோகிறான், அவனுடைய விடுதலையைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. இந்த நூலை எவ்வளவு மதித்தாலும் இந்த இடம் எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

பையன் எந்த இடத்தில் மிக நம்பிக்கையோடு இருந்தான் என்று பாருங்கள். தவறான முதல் விடையில்தான். எந்த இடத்தில் மிகவும் சங்கடப்பட்டான்? விடைக்குச் சற்று முன்னால். அவனுடைய உள்ளுணர்வை மட்டும் வைத்துப் பார்த்தால், அவன் அறிவில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்ததாகத்தான் தோன்றியிருக்கும்.

இதை இன்றைய ஆய்வாளர்கள் எண்களில் காட்டியிருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகள் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று அமர்வுகளிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். பழகிய வரிகள் கண்ணில் வழுக்கிக்கொண்டு போகும்போது ‘தெரிந்துவிட்டது’ என்று தோன்றுகிறது. அது சுவரில் விழுந்த நிழல்.

2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. அனுபவமுள்ள ஆசிரியர் கோவையாக நடத்திய விரிவுரை ஒரு பக்கம், அதே பாடத்தை மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து தாங்களே கணக்குப் போட்டுத் தடுமாறிக் கற்ற வகுப்பு மறு பக்கம். தேர்வில் தடுமாறிக் கற்றவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் எந்த வகுப்பில் நிறையக் கற்றதாக உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது விரிவுரைக்குத்தான் மாணவர்கள் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். அவர்கள் நேர்மையாகத்தான் சொன்னார்கள், குகைக் கைதி சொன்னதைப் போலவே.

சரி, கஷ்டமாக இருந்தால்தான் கல்வி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இந்த முடிவு ஆபத்தானது, நம் பள்ளிகளில் பிரம்புக்கு நீண்ட காலம் நியாயம் சொன்னதும் இதுதான். சௌகரியம் அறிவுக்குச் சான்று இல்லை என்றால் வலியும் அறிவுக்குச் சான்று இல்லை. வெளிச்சத்தால் கூசிய கண்ணுக்கும் தூசி விழுந்த கண்ணுக்கும் நீர் ஒரே மாதிரிதான் வடியும். கைதியை வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லும் காட்சியை எழுதிய அதே 7-ஆம் புத்தகத்தின் பிற்பகுதியில் பிளேட்டோ இதற்கு நேர் எதிராகத் தெரியும் ஒன்றையும் சொல்கிறார். சுதந்திர மனிதன் எந்தப் பாடத்தையும் அடிமையைப் போலக் கற்கக் கூடாது. உடலைக் கட்டாயப்படுத்தி உழைக்க வைத்தால் உடல் கெட்டுப்போகாது, ஆனால் கட்டாயப்படுத்திப் புகுத்திய பாடம் மனத்தில் தங்காது. எனவே குழந்தைகளைப் பலவந்தமாக இல்லாமல் விளையாட்டாகப் பழக்கு என்கிறார்.

இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதற்கு மெனோவின் பணியாள்தான் எனக்கு வழி காட்டுகிறான். அவனை அந்த உரையாடலில் யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. ஆனாலும் அவன் தன் முதல் விடையில் தங்க முடியாமல் போனது. மண்ணில் வரைந்த சதுரம் 16 என்று காட்டிய பிறகு 8 என்று அவனால் சொல்ல முடியாது. அந்தக் கட்டாயம் ஆளிடமிருந்து வரவில்லை, கணக்கிலிருந்து வந்தது. கற்பவனை நகர்த்த வேண்டிய நெருக்கடி இந்த வகையானது என்று நினைக்கிறேன். அது பாடத்துக்குள் இருக்க வேண்டும். பயத்திலிருந்து வரும் நெருக்கடி அவனை வெளிச்சத்துக்குத் தள்ளாது. அடிக்குத் தப்பும் வழியைத்தான் கற்றுக்கொடுக்கும். பையன் சரியான விடையைக் கண்டுபிடித்த பிறகும் சாக்ரடீஸ் திருப்தியடையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதைக்கு இது அவனுக்குள் ஒரு கனவு போலத்தான் கிளர்ந்திருக்கிறது. இதே விஷயங்களைப் பல முறை, பல விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் கடைசியில் யாருக்கும் குறையாமல் துல்லியமாகத் தெரிந்துகொள்வான் என்கிறார். ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

குகைக் கதையில் இன்னும் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. வெளியே போனவன் திரும்பி உள்ளே வருகிறான். வெயிலிலிருந்து சட்டென்று வந்ததால் கண் முழுக்க இருட்டு. அது தெளிவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் பழைய கைதிகளோடு நிழலை ஊகிக்கும் போட்டியில் இறங்க வேண்டியிருந்தால் தோற்றுப்போவான். மேலே போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்துவிட்டான், அங்கே போக முயல்வதே வீண் என்று சிரிப்பார்கள். தங்களை அவிழ்த்து மேலே கூட்டிப்போக முயல்பவன் கையில் கிடைத்தால் கொன்றேவிடுவார்கள். இதை எழுதும்போது பிளேட்டோவின் மனத்தில் யார் இருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் காட்சியைப் படிக்கும்போது கைதிகளைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பிளேட்டோ திரும்பி வந்தவனுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் முறை வரும்போது கீழே இறங்கி, அங்கே இருக்கும் மற்றவர்களோடு வாழ்ந்து, இருட்டில் பார்க்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் அவர்களைவிடப் பல்லாயிரம் மடங்கு நன்றாகப் பார்ப்பீர்கள் என்று, நகரத்தை ஆளப்போகும் கல்விமான்களிடம் சாக்ரடீஸ் சொல்வதாக வருகிறது. ஆசிரியர்களுக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு பாடத்தில் மிகவும் தேறிய ஒருவர் அதைச் சொல்லித்தரத் திணறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாணவனுக்கு எது தெரியாது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு இருட்டில் இருப்பவன் எதைப் பார்க்கிறான் என்பது புலப்படுவதில்லை.

கண் தடுமாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்கிறார் சாக்ரடீஸ்: வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும்போதும் தடுமாறும், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போதும் தடுமாறும். மனத்துக்கும் இதேதான். எனவே ஒருவர் குழம்பி நிற்பதைப் பார்த்தால் புத்தியுள்ளவன் உடனே சிரித்துவிட மாட்டான், அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று விசாரிப்பான். வகுப்பில் கரும்பலகை முன்னால் பேசாமல் நிற்கும் இரண்டு மாணவர்களில் ஒருத்திக்குப் பாடம் இன்னும் தொடங்கவே இல்லாமல் இருக்கலாம். இன்னொருத்தி தன் பழைய விடை தவறு என்று அந்த நிமிடம்தான் கண்டுபிடித்திருக்கலாம். பார்ப்பதற்கு இருவரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், மதிப்பெண் பட்டியலிலும் இருவருக்கும் ஒரே பூஜ்யம்தான் விழும். நீ எப்படி யோசித்தாய் என்று ஒவ்வொருத்தியையும் தனியாகக் கேட்டால்தான் எந்தப் பெண் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று ஆசிரியருக்குத் தெரியும், அடுத்த கேள்வியை எங்கிருந்து தொடங்குவது என்பதும்.